4.15க்கு வகுத்த அட்டவணை: கொழும்பின் புறநகர் ரயிலும் இடம்பெயரும் நெரிசல் நேரமும்

இலங்கையின் அரச அலுவலகங்கள் காலை 8.30க்குத் தொடங்கி மாலை 4.15க்கு முடிகின்றன. பாடசாலைகள் காலை 7.30க்குத் தொடங்கிப் பகல் 1.30க்கு விடுகின்றன. கொழும்புப் புறநகர் ரயிலின் நேர அட்டவணையைக் கையில் எடுப்பவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டியவை இந்த நான்கு நேரங்கள்தாம். எந்த ரயில் எந்த நிமிடத்தில் மருதானையை விட்டுப் புறப்படுகிறது, எது கல்கிசையில் நிற்காமல் ஓடுகிறது, எது பாணந்துறையோடு திரும்பிவிடுகிறது என்ற கேள்விகளைத் தோண்டிக்கொண்டு போனால், அடியில் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்று கிடக்கும். நகரத்தின் வேலை நேரமோ இப்போது இந்த நான்குக்குள் அடங்குவதில்லை. அந்த மாற்றத்தை அட்டவணையால் எவ்வளவு தூரம் பின்தொடர முடிகிறது, முடியாத இடத்தில் அதைத் தடுப்பது எது என்பதைக் கரையோரப் பாதையை முதன்மையாகவும் களனிவெளிப் பாதையைத் துணையாகவும் கொண்டு இந்த ஆய்வு பார்க்கிறது. எழுதுபவர் வெள்ளவத்தைவாசி. அதனால் பார்வை சற்றுக் கடற்கரைப் பக்கம் சாய்ந்திருப்பதை வாசகர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

களம்

கொழும்பை நோக்கி நான்கு பாதைகள் வருகின்றன. கண்டி, பதுளை, யாழ்ப்பாணம், மட்டக்களப்புத் திசைகளிலிருந்து வரும் எல்லா ரயில்களும் ராகமை, களனி வழியாகப் பிரதான பாதையில் நகருக்குள் நுழைகின்றன. புத்தளம் பாதை நீர்கொழும்பு, கட்டுநாயக்கா வழியாக வந்து ராகமையில் அதனோடு சேர்கிறது. அவிசாவளையிலிருந்து வரும் களனிவெளிப் பாதை மருதானையில் சேர்கிறது. மாத்தறையிலிருந்து கடலை ஒட்டி வரும் கரையோரப் பாதை 2019 ஏப்ரலில் பெலியத்தை வரை நீட்டப்பட்டது. அது பாணந்துறை, மொறட்டுவை, கல்கிசை, தெஹிவளை, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு வழியாகக் கொழும்புக் கோட்டை நிலையத்துக்கு வருகிறது. நான்கும் சேர்ந்து முடிச்சுப் போடும் இடம் கோட்டைக்கும் மருதானைக்கும் இடைப்பட்ட சிறிய துண்டு. நடந்து கடந்துவிடக்கூடிய தூரந்தான், ஆனால் நாட்டின் ரயில் அட்டவணை முழுவதும் அந்தக் குறுகிய கழுத்து வழியாகத்தான் மூச்சு விடுகிறது.

வெளியூர் வாசகர் எளிதில் கவனிக்காத விடயம் ஒன்று இங்கே உண்டு. கொழும்பில் பல புறநகர் ரயில்கள் கோட்டையோடு முடிவதில்லை. ரம்புக்கனை, பொல்காவலை, கம்பஹாப் பக்கமிருந்து வரும் ரயில் கோட்டையைக் கடந்து கரையோரப் பாதையில் மொறட்டுவைக்கோ பாணந்துறைக்கோ போகிறது. எதிர்த்திசையிலும் அப்படியே. மேடைகள் போதாத நிலையத்தில் ரயிலைத் திருப்பும் தொல்லையை இது குறைக்கிறது. கம்பஹாவில் ஏறியவர் இறங்கி மாறாமல் கொள்ளுப்பிட்டி அலுவலகத்துக்குப் போகவும் முடிகிறது. ஆனால் வேயங்கொடையில் பத்து நிமிடம் பிந்தினால் அது வெள்ளவத்தை மேடையில் பத்து நிமிடமாகவே வந்து சேரும். கரையோரப் பயணிகளின் வசதிக்காக ஒரு ரயிலைக் கால் மணி நேரம் பின்தள்ள நினைப்பவர் பிரதான பாதையில் அதன் இடத்தையும் சேர்த்தே பின்தள்ள வேண்டியிருக்கும். அங்கே அதற்குப் பின்னால் மலையகத்துக்கோ வடக்குக்கோ போகும் நெடுந்தூர ரயில் ஒன்று நிற்கும்.

மாறிய வேலை நாள்

பழைய வடிவம் தெளிவானது. காலையில் ஒரு கூர்மையான உச்சம், பகல் 1.30க்குப் பின் பாடசாலைப் பிள்ளைகளால் ஒரு சிறிய மேடு, 4.15க்குப் பின் அரச ஊழியர்களின் அலை, 5 மணிக்குப் பின் தனியார் நிறுவன ஊழியர்களின் அலை. காலி, மாத்தறைப் பக்கமிருந்து நாளாந்தம் வந்துபோகும் அலுவலர்களுக்காகச் சமுத்திரதேவி, சாகரிகா, ருஹுணு குமாரி போன்ற பெயருள்ள ரயில்கள் ஓடின, இன்றும் ஓடுகின்றன. பேச்சு வழக்கில் ‘ஒபிஸ் கோச்சி’ என்றால் இவையும் இவற்றின் முன்பின் வரும் பெயரில்லாத ரயில்களுந்தான். வருடக்கணக்காக ஒரே பெட்டியில், ஒரே இருக்கைப் பக்கம் நின்று, ஒரே ஆட்களோடு சீட்டாடிக்கொண்டும் பாடிக்கொண்டும் போகும் கூட்டங்கள் இவற்றில் உண்டு. ஓர் அலுவலக ரயிலின் நேரத்தை ஐந்து நிமிடம் நகர்த்துவது இந்தக் கூட்டங்களின் அன்றாடத்தையே நகர்த்துகிறது. வீட்டில் சமையல் முடியும் நேரம், பிள்ளையை வானில் ஏற்றும் நேரம், இறங்கியபின் பிடிக்கும் பஸ் எல்லாம் அந்த நிமிடத்தில் கோத்துக் கட்டப்பட்டவை. அட்டவணை மாற மறுப்பதற்கு நிர்வாகத்தின் சோம்பலைக் குறை சொல்வது எளிது. பயணிகள் பலரும் மாற்றத்தை விரும்புவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்த வடிவம் பல திசைகளிலிருந்து கலைந்தது. ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டையில் புதிய பாராளுமன்றம் 1982இல் திறக்கப்பட்டதைத் தொடர்ந்து அமைச்சுகளும் திணைக்களங்களும் பத்தரமுல்லைப் பக்கம் நகர்ந்தன. செத்சிறிபாய, இசுருபாய என்னும் அரச அலுவலகக் கட்டடங்கள் அங்கே எழுந்தன. பத்தரமுல்லைக்கு ரயில் இல்லை. கொழும்புக் கோட்டையிலிருந்து பத்தரமுல்லை வழியாக மாலபேக்குப் போகவிருந்த இலகு ரயில் திட்டம் 2020இல் கைவிடப்பட்டது. ஆக, 4.15 என்ற நேரத்தைப் படைத்த அரச ஊழியரில் ஒரு பகுதியினர் ரயிலடியிலிருந்தே விலகிப்போயினர். அங்கு வேலை செய்பவர் ரயிலில் வந்தாலும் இறங்கி மீண்டும் ஒரு பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பத்தரமுல்லை அலுவலகங்களில் நெகிழ்வான வேலை நேரம் 2018இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பட்டதற்கும் வீதி நெரிசல்தான் காரணமாக இருந்தது. ரயிலின் தேவை அந்தப் பேச்சில் பெரிதாக இடம்பெறவில்லை.

அதே காலத்தில் கரையோரப் பாதையை ஒட்டி வேறொரு வேலை நாள் வளர்ந்தது. லண்டன், நியூயோர்க் நேரத்துக்கு வேலை செய்யும் தகவல் தொழில்நுட்ப, கணக்கியல் நிறுவனங்களில் பலருக்குக் காலை 8.30 என்ற கட்டாயம் இல்லை, மாலை 4.15க்கு அவர்களின் வேலை சூடுபிடிக்கத்தான் தொடங்குகிறது. கொம்பனித்தெரு நிலையத்தைச் சுற்றியும் காலிமுகத்திடலிலும் எழுந்த பெரிய வணிக வளாகங்களில் விற்பனையாளர்களும் உணவக ஊழியர்களும் இரவு 10 மணியளவில் வேலை முடிக்கிறார்கள். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் தனியார் வகுப்புகள் மாலை ஆறு, ஏழு மணிவரை நீள்கின்றன. சனி, ஞாயிறு காலைகளில் அவையே ஒரு தனி நெரிசலை உண்டாக்குகின்றன. காலி வீதியில் அதை 100, 101ஆம் இலக்க பஸ்களில் எவரும் காணலாம், ஆனால் ரயில் அட்டவணைக்கு ஞாயிறு என்பது இன்னும் ஓய்வு நாள்தான்.

நேரத்தின் மீது பலவந்தமாக நடந்த சோதனைகளும் உண்டு. 1996 மே மாதம் மின்சாரத்தைச் சேமிக்கவென்று நாட்டின் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்தப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் அரை மணி நேரம் பின்வாங்கியது. 2006 ஏப்ரலில் மீண்டும் பழைய ஐந்தரை மணி நேர வித்தியாசத்துக்கே வந்தது. அந்தப் பத்தாண்டுகளில் அலுவலகம் 8.30க்கேதான் தொடங்கியது, சூரியன்தான் இடம்மாறியது. பயணி கடிகாரத்தைப் பின்பற்றினார், ரயிலும் கடிகாரத்தைப் பின்பற்றியது. வேலை தொடங்கும் நேரத்தைத் தொடாமல் வேறு எதை நகர்த்தினாலும் நெரிசலின் வடிவம் கலையாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது.

2020 மார்ச் 20இல் ஊரடங்கு தொடங்கியபோது ரயில்கள் நின்றன. மே மாதத்தில் வேலைக்குத் திரும்பும் ஊழியர்களுக்கென, முன்கூட்டியே பதிவு செய்தவர்களை மட்டும் ஏற்றிச் சில ரயில்கள் ஓடின. 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தது. ஜூன் மாதத்தில் அத்தியாவசியமற்ற அரச ஊழியர்கள் வீட்டிலிருந்து வேலை செய்யுமாறு கேட்கப்பட்டனர். வெள்ளிக்கிழமைகளை மூன்று மாதங்களுக்கு விடுமுறையாக்கவும் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. வீட்டிலிருந்த மோட்டார் சைக்கிளையும் காரையும் எடுக்க முடியாதவர்கள் ரயிலுக்கு வந்தார்கள். அலுவலகமே போகாதவர்கள் ரயிலிலிருந்து விலகினார்கள். ஒரே வாரத்தில் இரண்டும் நடந்தன. மிதிபலகையில் தொங்கிப் போகும் படங்கள் நாளிதழ்களில் வந்த அந்த மாதங்களில், எந்த நாளில் எத்தனை பேர் எந்த மணிக்கு வருவார்கள் என்பது அதற்கு முந்திய எந்த ஆண்டின் அனுபவத்தாலும் சொல்ல முடியாததாகிவிட்டது.

வண்டிச் சுற்றின் கணக்கு

அட்டவணை என்பது நேரங்களின் பட்டியல் என்றே பயணி நினைக்கிறார். அதை வகுப்பவருக்கோ அது வண்டிகளின் சுற்று. இலங்கைப் பாதைகள் எவையும் மின்மயமாக்கப்படவில்லை. புறநகர்ச் சேவையின் பெரும் பாரத்தை டீசல் தொடர்வண்டிகள், அதாவது வழக்கில் ‘பவர் செட்’ எனப்படுபவை, சுமக்கின்றன. ஒரு பவர் செட் காலையில் தெற்கிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு மருதானைக்கு வந்தபின் மீண்டும் தெற்கே போய் இன்னொரு முறை வர முடியுமா, முடியாதா? நெரிசல் நேரம் பரவும்போது அட்டவணைக்கு ஏதாவது இலாபம் உண்டா என்பது இந்த ஒரே கேள்வியில் அடங்கியிருக்கிறது.

கணக்கை விளக்க வசதியான சில எண்களை எடுத்துக்கொள்வோம். இவை உண்மை அட்டவணையின் எண்கள் அல்ல. குறுகிய தூர ரயில் ஒன்று ஒரு வழிக்கு 30 நிமிடமும் இரு முனைகளிலும் திரும்பத் தலா 10 நிமிடமும் எடுத்தால் அதன் முழுச் சுற்று 80 நிமிடம். நெடிய தூர ரயிலுக்கு ஒரு வழி 55 நிமிடம், திரும்பத் தலா 15 நிமிடம் என்றால் சுற்று 140 நிமிடம். பத்து நிமிடத்துக்கு ஒரு ரயில் கோட்டைக்கு வந்து சேர வேண்டும் என்று வைப்போம். நெரிசல் 7.30 முதல் 8.30 வரையான ஒரு மணி நேரத்துக்குள் அடங்கியிருந்தால் ஏழு வருகைகள் தேவை. இரண்டில் எந்தப் பாதையானாலும் அதற்கு ஏழு வண்டிகள் வேண்டும், ஏனெனில் முதலில் வந்தது மீண்டும் வருவதற்குள் நெரிசல் தீர்ந்துவிடும்.

இப்போது நெரிசல் 7 மணி முதல் 9 மணி வரை பரந்துவிட்டது என்று கொள்வோம். பதின்மூன்று வருகைகள் தேவைப்படும். குறுகிய பாதையில் 7 மணிக்கு வந்த வண்டி 8.20க்கு மறுபடியும் வந்துவிடும், 7.10க்கு வந்தது 8.30க்கு வரும், எட்டே வண்டிகளால் பதின்மூன்று வருகைகளையும் நடத்தலாம். ஒரு வண்டி கூடியது, ஆறு பயணங்கள் கூடின. நெடிய பாதையிலோ 7 மணிக்கு வந்த வண்டி 9.20க்குத்தான் திரும்பி வரும். பதின்மூன்று வருகைக்குப் பதின்மூன்று வண்டிகள் வேண்டும். நெரிசல் பரவியதால் அங்கே மிச்சப்பட்டது எதுவுமில்லை. ஆறு வண்டிகள் கூடுதலாகத் தேடப்பட வேண்டும்.

வேலை நேரத்தை நெகிழ்வாக்கினால் ரயிலுக்கு நிவாரணம் கிடைக்கும் என்று பொதுவாகச் சொல்லப்படும் கருத்தை இந்தக் கணக்கு இரண்டாகப் பிளக்கிறது. கல்கிசை, மொறட்டுவை வரையான பயணிக்கு அது உண்மை. களுத்துறையிலிருந்தோ காலியிலிருந்தோ வருபவருக்கு அது உண்மையல்ல. அங்கே நெரிசல் விரிந்தால் ஒரே ரயிலுக்கு வந்தவர்கள் இரண்டு ரயில்களுக்குப் பிரிவார்கள், ஆனால் இரண்டாவது ரயில் எங்கிருந்தும் வராது. அலுவலகம் 9.30க்குத் தொடங்கினாலும் அளுத்கமவிலிருந்து வருபவர் பழைய ரயிலிலேயே வந்து ஒரு மணி நேரம் காத்திருப்பதைக் காணலாம். அவர் பழக்கத்துக்கு அடிமையாகவில்லை. அவருக்கு வேறு ரயில் இல்லை.

கரையோரப் பாதை பாணந்துறையைத் தாண்டியும் இரட்டைப் பாதையாகவே செல்கிறது, ஆனால் மேலும் தெற்கே ஒற்றைப் பாதையாகிவிடுகிறது. ஒற்றைப் பாதையில் எதிரெதிராக வரும் இரு ரயில்கள் ஒரு நிலையத்தில் மட்டுமே ஒன்றையொன்று கடக்க முடியும். மாலையில் கோட்டையை விட்டுப் புறப்படும் காலி ரயிலின் நேரத்தை உண்மையில் நிர்ணயிப்பது கோட்டையில் காத்திருக்கும் பயணிகள் அல்ல. பல பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் எதிரே வரும் ரயிலை அது எந்த நிலையத்தில் சந்திக்க வேண்டும் என்பதுதான். ஆறு மணிக்குப் புறப்பட்டால் நல்லது என்று கொழும்பில் எல்லோரும் ஒப்புக்கொண்டாலும், அந்தச் சந்திப்பு ஒரு நிலையத்துக்கு இப்பாலோ அப்பாலோ விழுந்தால் ஒரு ரயில் தனியே கால் மணி நேரம் தரித்து நிற்க வேண்டியிருக்கும். கொழும்பைச் சுற்றி வண்ண ஒளிச் சமிக்ஞைகளும் மருதானைக் கட்டுப்பாட்டு அறையும் இருப்பதால் நகருக்குள் நெருக்கமாக ரயில் விட முடியும். நகருக்குள் உள்ள நெகிழ்ச்சியை நகருக்கு வெளியே உள்ள இறுக்கம் கட்டிப்போட்டுவிடுகிறது.

வண்டிகளைப் போலவே ஆட்களும் சுற்றில் ஓடுகிறார்கள். எஞ்சின் சாரதியும் ரயில் காவலரும் (கார்ட்) காலையில் கையெழுத்திட்ட நேரத்திலிருந்து ஓய்வு வரையான கணக்கு அட்டவணையோடு பின்னப்பட்டது. மாலை நெரிசலை 7 மணி வரை நீட்டுவதென்றால், காலை 4 மணிக்கு எழுந்த குழுவால் அதை முடிக்க முடியாது. இன்னொரு குழு வேண்டும். வண்டி இருந்தும் ஆள் இல்லாமல் சேவை இரத்தாவது கொழும்புப் பயணிகளுக்குப் புதிய செய்தி அல்ல. தெமட்டகொடைக் கொட்டகையில் பராமரிப்புக்கு நிற்கும் வண்டிகளுக்கும் இதே நெருக்கடிதான்: பகலில் 10 மணிக்கும் 2 மணிக்கும் இடையிலான தொய்வில்தான் அவற்றைத் தொட முடிகிறது. நெரிசல் பரந்தால் அந்த இடைவெளி சுருங்கும்.

களனிவெளிப் பாதை

தேயிலையையும் இறப்பரையும் ஏற்றிச் செல்வதற்காகக் ஒடுங்கிய தண்டவாளப் பாதையாகப் போடப்பட்டு, 1990களில் அகலத் தண்டவாளப் பாதையாக மாற்றப்பட்ட களனிவெளிப் பாதை மேலே சொன்ன எல்லாச் சிக்கலையும் ஒரே இடத்தில் வைத்திருக்கிறது. மருதானையிலிருந்து அவிசாவளை வரை ஏறக்குறைய 60 கிலோமீட்டர், முழுவதும் ஒற்றைப் பாதை. தண்டவாளத்தின் அகலம் மாறினாலும் பழைய வளைவுகள் பெரும்பாலும் மாறவில்லை, அதனால் வேகம் குறைவு. நாரஹேன்பிட்டி, நுகேகொடை, மஹரகம போன்ற இடங்களில் நெரிசலான வீதிகளைக் கடவைகளில் குறுக்கிட்டுச் செல்கிறது.

புறநகரின் மக்கள்தொகை வளர்ச்சியைப் பார்த்தால் அதிக ரயில் தேவைப்படும் பாதை இதுதான். ஹை லெவல் வீதியில் 138ஆம் இலக்க பஸ்களுக்கு நிற்கும் கூட்டமே அதற்குச் சான்று. ஆனால் இங்கே காலையில் நகருக்கு வந்த வண்டியை இரண்டாம் பயணத்துக்கு வெளியே அனுப்புவதென்றால், அது வழியில் வரும் ஒவ்வொரு உள்வரும் ரயிலோடும் ஒரு கடக்கும் நிலையத்தில் மல்லுக்கட்ட வேண்டும். ஒரு ரயிலைச் சேர்த்தால் ஏற்கனவே ஓடும் மூன்று ரயில்களின் பயண நேரம் கூடலாம். கடவை ஒவ்வொன்றும் இன்னொரு முறை மூடப்படும். மூடிய கேற்றுக்குப் பின்னால் நிற்பது பெரும்பாலும் 138ஆம் இலக்க பஸ்ஸேதான். ஆசிய அபிவிருத்தி வங்கியின் துணையோடு கொழும்புப் புறநகர் ரயில் திட்டம் வகுக்கப்பட்டபோது களனிவெளிப் பாதையின் மேம்பாடு அதில் முக்கிய இடம் பெற்றதற்கு இதுவே காரணம். அட்டவணையைத் திருத்தி இங்கே பெரிய பயன் காண முடியாது. இரண்டாவது தண்டவாளம் வேண்டும், அதற்குப் பாதையோரத்தில் வாழும் குடும்பங்களை எங்கே குடியமர்த்துவது என்ற கேள்விக்கு விடை வேண்டும். அது வேறோர் ஆய்வுக்குரிய பொருள்.

எண்ணாத பயணி

இவ்வளவு இறுக்கத்துக்குள்ளும் சில ரயில்களை நகர்த்த இடமுண்டு. எதை நகர்த்துவது என்று அறிவது எப்படி? பருவச்சீட்டு வைத்திருப்பவர் எந்த ரயிலில் போனார் என்பதைப் பருவச்சீட்டு சொல்வதில்லை. அது மாதம் முழுவதற்குமானது, எந்த மணிக்கும் செல்லும். பல பத்தாண்டுகள் வழக்கில் இருந்த சிறிய அட்டைச் சீட்டு திகதியைச் சொல்லும், மணியைச் சொல்லாது. ஆகவே நெரிசல் என்பது நிலைய அதிபரும் காவலரும் கண்ணால் கண்டதும், எப்போதாவது நடத்தப்படும் கணக்கெடுப்பும் மட்டுமே. ஜப்பானிய உதவியோடு நடந்து 2014இல் முடிந்த கொழும்புப் பெருநகரப் போக்குவரத்து ஆய்வு போன்றவை பெறுமதியானவை. ஆனால் அவை ஒரு காலத்தின் படம். அந்தப் படம் எடுக்கப்பட்டபின் 2020 வந்தது, 2022 வந்தது.

2020 மே மாதத்தில் பதிவு செய்தவர்களை மட்டும் ஏற்றிய அந்தச் சில வாரங்களை நினைத்துப் பார்க்கையில் ஒன்று தோன்றுகிறது. யார், எங்கிருந்து, எங்கே, எந்த நேரத்துக்கு வருகிறார்கள் என்பது கொழும்பு ரயிலுக்கு முன்கூட்டியே தெரிந்த அரிதான காலம் அதுதான். நெருக்கடி தீர்ந்ததும் அந்த அறிவும் போயிற்று.

மற்ற நகரங்கள் கட்டணத்தால் நெரிசலைக் கரைக்க முயன்றன. மெல்பர்ன் 2008இல் காலை 7 மணிக்கு முன் பயணத்தை முடிப்பவருக்கு இலவசம் என்றது. சிங்கப்பூர் 2013 நடுப்பகுதியிலிருந்து 2017 இறுதிவரை, காலை 7.45க்கு முன் நகர மைய நிலையங்களில் வெளியேறுவோரிடம் கட்டணம் வாங்கவில்லை. கிழக்கு ஜப்பான் ரயில் நிறுவனம் 2023 மார்ச்சில் டோக்கியோவில் நெரிசல் நேரம் தவிர்த்துச் செல்லும் மலிவான பருவச்சீட்டைக் கொண்டுவந்தது. லண்டன் 2024இல் சில மாதங்கள் வெள்ளிக்கிழமை முழுவதையும் நெரிசலற்ற கட்டணத்துக்கு மாற்றிப் பார்த்தது. குறிப்பிடத்தக்க பயன் கிட்டவில்லை. இவற்றில் எதையும் கொழும்பில் அப்படியே பெயர்த்து நட முடியாது. பருவச்சீட்டு வாங்கியவருக்கு ஒவ்வொரு பயணமும் இலவசந்தான், காலை 6 மணிக்கும் 8 மணிக்கும் விலை ஒன்றே. அரச ஊழியருக்குச் சலுகையும் சேர்கிறது. தவிரவும், பஸ்ஸோடு ஒப்பிட்டால் ரயில் கட்டணம் ஏற்கனவே அவ்வளவு குறைவானது. அதிலிருந்து இன்னும் சில ரூபாயைக் கழிப்பதற்காக யாரும் அலாரத்தை அரை மணி நேரம் முன்னால் வைக்கமாட்டார்கள். டோக்கியோ முறைதான் ஓரளவு பொருந்தக்கூடியது: பருவச்சீட்டையே நேரத்தால் இரண்டாகப் பிரிப்பது. அதற்கும் சீட்டைத் தட்டி உள்ளே போகும் வாயில் முதலில் வேண்டும்.

வெள்ளியும் போயாவும்

கொழும்புக்கே உரிய ஒரு விடயத்தில் சற்றுத் தங்குவது தகும். மாதந்தோறும் பௌர்ணமி நாள் போயா விடுமுறை. அது புதன்கிழமை வந்தால் புதனன்று அலுவலக ரயில்களில் பல ஓடுவதில்லை; விடுமுறை நாள் அட்டவணை நடைமுறைக்கு வருகிறது. வியாழன் வந்தால் வெள்ளியைச் சேர்த்து விடுப்பு எடுத்து ஊருக்குப் போவோர் கூட்டம் புதன் மாலையிலேயே கோட்டையில் குவியும். அந்த மாலைக்குச் சிறப்பு ரயில்கள் அறிவிக்கப்படும். சித்திரைப் புத்தாண்டு, வெசாக், நத்தார் காலங்களிலும் அப்படியே. யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் பதுளைக்கும் போகிறவர்களின் வெள்ளி மாலைக் கூட்டம் வாரந்தோறும் நிகழ்வது.

ஆக, நாளுக்கு நாள் வேறுபடும் அட்டவணையை இயக்குவது கொழும்பு ரயிலுக்குத் தெரியாத வித்தை அல்ல. நெடுந்தூரத்துக்கு அதை எப்போதும் செய்கிறது. புறநகருக்கு மட்டும் திங்களும் வெள்ளியும் ஒன்றே. வீட்டிலிருந்து வேலை செய்யும் பழக்கம் தொடரும் நிறுவனங்களில் வெள்ளி வெறுமையான நாள். அரச அலுவலகத்துக்கோ வெள்ளி முழு நாள்தான். ஜும்ஆத் தொழுகைக்கென நண்பகல் இடைவேளை நீள்வது தவிர வேறு வித்தியாசமில்லை. 2022இல் வெள்ளிக்கிழமைகளை விடுமுறையாக்கிய அந்தக் காலம் இதை நேராகச் சோதிக்கக் கிடைத்த வாய்ப்பு. ஆனால் டீசலுக்கே வரிசையில் நின்ற நாட்டில் வெள்ளிக்கிழமைக்கென்று தனி அட்டவணை வகுக்கும் நிதானம் யாருக்கு இருந்திருக்கும்? அதைக் குறையாகச் சொல்ல இந்த ஆய்வு துணியவில்லை.

செய்யக்கூடியது

மேற்சொன்னவற்றை வைத்துப் பார்க்கையில், பெரிய செலவின்றி நகர்த்தக்கூடியது கரையோரப் பாதையின் குறுகிய தூரச் சேவையே என்று எழுதுபவர் கருதுகிறார். காலையில் கல்கிசை, மொறட்டுவைச் சுற்றுகளை நெடுந்தூரச் சுற்றுகளிலிருந்து பிரித்து, 7 மணிக்கு முன் நகருக்கு வரும் வண்டிகளை உடனே திருப்பி இரண்டாம் பயணத்துக்கு அனுப்ப முடியும். எதிர்த்திசைத் தண்டவாளம் அந்நேரத்தில் அவ்வளவு நெருக்கமாக இல்லை. அப்போது பாணந்துறைக்கு அப்பாலிருந்து வருபவை நகருக்குள் எல்லா நிலையங்களிலும் நிற்க வேண்டியதில்லை. காலியிலிருந்து வந்து களைத்தவர் வெள்ளவத்தையில் இன்னும் நாற்பது பேர் ஏறுவதைப் பார்த்துப் பெருமூச்சு விட வேண்டியதில்லை. நாங்களும் மிதிபலகையில் தொங்க வேண்டியதில்லை. இதற்கு ஒரு விலை உண்டு. பிரதான பாதையிலிருந்து நேரே கரையோரம் வரும் ரயில்களில் சில கோட்டையிலேயே முறிக்கப்பட வேண்டியிருக்கும், கம்பஹாவிலிருந்து கொள்ளுப்பிட்டிக்கு வருபவர் மேடை மாற வேண்டியிருக்கும். அவர்கள் எதிர்ப்பார்கள், எதிர்ப்பதற்கு நியாயமும் உண்டு.

மாலையில் நிலைமை வேறு. 4.15க்கும் 5.30க்கும் இடையில் குவிந்த ரயில்களில் ஒன்றிரண்டைப் பிய்த்து 6.30க்கு மேல் கொண்டுபோவது கணக்கில் எளிது. ஆனால் அரச ஊழியரின் ரயிலைத் தொட்டால் தொழிற்சங்கமும் பாராளுமன்றமும் பேசும். 6.30க்குப் புறப்படும் தகவல் தொழில்நுட்ப ஊழியருக்காகப் பேச ஆளில்லை. அவர் கைபேசியில் முச்சக்கரவண்டியை அழைத்துக்கொண்டு போய்விடுகிறார். இடமாற்றத்துக்குப் பதிலாகக் கூட்டல் வேண்டும் என்று யாரும் சொல்லலாம்தான். கூட்டுவதற்கு வண்டி எங்கே என்ற கேள்விக்கே அது மறுபடியும் வந்து சேரும்.

இரவுச் சேவையில் மட்டும் அந்தக் கேள்வி எழுவதில்லை, ஏனெனில் அந்நேரத்தில் வண்டிகள் கொட்டகையில் நிற்கின்றன. வேண்டியது ஒரு குழுவின் சம்பளமும் எரிபொருளும். 9 மணிக்குப் பின் கரையோரப் பாதையில் ரயில்கள் அருகிவிடுகின்றன. 10 மணியளவில் கொம்பனித்தெருவிலும் காலிமுகத்திடலிலும் கடைகளின் இரும்புக் கதவுகள் இறங்கும்போது வெளியே வரும் இளைஞர்களில் பலர் தெஹிவளை, இரத்மலானை, மொறட்டுவைப் பக்கம் போகிறவர்கள். ரயில் நிலையம் அவர்களுக்கு ஐந்து நிமிட நடை. அவர்கள் அதைக் கடந்து காலி வீதிக்குப் போய், 100ஆம் இலக்க பஸ் நிறையும்வரை அதன் படியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.